கூடாரத் துணிப் பை

மாவுச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஹைக்கா சாலைக்கே வந்துவிடுவாள். கை அதுபாட்டுக்கு மரக்கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். கண் பஸ் நிறுத்தத்தில் இருக்கும். கீழே ஹிமோ ஊரிலிருந்து மேலே ஏறிவரும் வண்டி நின்றதும் யார் இறங்குகிறார்கள், என்ன மூட்டை, யார் ஓடிவந்து அதை வாங்கிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பாள். மாவு பதமாகிவிட்டால் திரும்பிப் போவாள். இல்லையென்றால் அடுத்த வண்டிக்கும் நிற்பாள். நிறுத்தத்துக்கு எதிரேதான் என் தையல் கடை. "உட்கார்ந்து கலக்கேன்டி, சட்டி எங்க ஓடிடப் போகுது" என்று நான் சொல்லாத நாளில்லை.

"சட்டி ஓடாதுக்கா. அதான் நான் அதைத் தூக்கிக்கிட்டு ஓடுறேன்" என்பாள்.

ஹைக்காயேலி என்பது முழுப்பெயர். ஐம்பதைத் தொடப்போகிறாள். கிளிமஞ்சாரோ அடிவாரத்து எங்கள் மராங்குவில் அவள் சுட்ட கேக் வெட்டாமல் கல்யாணமோ ஞானஸ்நானமோ நடப்பதில்லை. வீட்டில் மின்சார அடுப்பு ஒன்று இருக்கிறது. அதன்மேல் துணி விரித்துப் பூச்சாடி வைத்திருக்கிறாள். "கரண்ட்டை நம்பி ஒருத்தன் கல்யாணத்தைக் கெடுக்கச் சொல்றியா?" கரி அடுப்பில் சட்டியை வைத்து, மூடியின் மேலும் கனல் அள்ளிக் கொட்டி வேகவைப்பாள். அது வேகும் நேரத்தில் பக்கத்தில் நிற்கக்கூட மாட்டாள். கதவுக்கு வர்ணம் அடிப்பாள், கோழிக்கூட்டை இடம் மாற்றுவாள், அல்லது என் கடைக்கு வந்து, வெட்டி விழுந்த துணிகளைக் கிளறுவாள். ஆனால் கேக் கருகி நான் பார்த்ததில்லை. எங்கே நின்றாலும் மூக்கு அடுப்பில்தான் இருக்கும்.

சாதாரண நாள் கேக்குகளுக்கு அவள் ஊர்ப்பெயர் வைப்பாள். கிராம்பு போட்டால் சான்சிபார். தேங்காய் போட்டால் டாங்கா. உலர்ந்த திராட்சை போட்டால் டொடோமா. இவற்றில் ஓர் ஊரைக்கூட அவள் பார்த்ததில்லை. ஒருமுறை டொடோமாக்காரர் ஒருவர் ஒரு துண்டு தின்றுவிட்டு, எங்கள் ஊரில் இப்படி எதுவும் கிடையாதே என்றார். ஹைக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஊருக்குப் போயி ரொம்ப நாளாச்சு போல" என்று சொல்லி, இன்னொரு துண்டை அவர் கையில் வைத்தாள். மனிதர் அதையும் வாயை மூடிக்கொண்டு தின்றார்.

அவள் கணவன் எலினாமி மலையில் சமையல்காரன். கிளிமஞ்சாரோ ஏறவரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்னால் ஓடிப்போய்க் கூடாரத்தில் அடுப்பு மூட்டுவது அவன் வேலை. அவர்கள் மூச்சு வாங்க வந்து சேரும்போது கைகழுவப் பேசினில் வெந்நீரும் தட்டில் சோளப்பொரியும் தயாராக இருக்க வேண்டும். "மெதுவா வாங்க, வழியெல்லாம் எப்படி இருந்துச்சு" என்று கேட்டு அவர்கள் பையை வாங்கிக்கொள்வான். இறங்கி வரும்போது, மலையில் கிழிந்து வீசப்பட்ட கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு வருவான். ஹைக்காவுக்கு அதுதான் நகை நட்டு எல்லாம். அந்தத் துணியில் மேலங்கி தைப்பாள், விளக்குக்குத் தொப்பி செய்வாள், ஷூ கயிறுகளைப் பின்னி ஊஞ்சல் கட்டுவாள். சோடா மூடிகளைக் கோத்து என் கடை வாசலுக்கு ஒரு திரை போட்டாள். வருகிற பெண்களின் தலைமுடி எல்லாம் அதில் மாட்டிக்கொண்டது. கழற்றச் சொன்னேன். கழற்றிவிட்டு, அந்தக் கோபத்தில் என் மெஷின் மேஜைக்கு மஞ்சள் வர்ணம் அடித்துவிட்டுப் போனாள்.

எலினாமி வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. எங்கள் வழக்கத்தில் அப்பன் வீடும் வாழைத்தோட்டமும் கடைசிப் பிள்ளைக்கு. மூத்தவர்கள் எல்லாம் டார் எஸ் சலாமிலும் மற்ற ஊர்களிலும் வேலை பார்த்துவிட்டு, டிசம்பர் பிறந்ததும் பெட்டி படுக்கையோடு அந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஊருக்கே அப்படித்தான். கிறிஸ்துமஸ் நெருங்கினால் மேலே வரும் வண்டியில் மூச்சுவிட இடம் இருக்காது. கீழே போகும் வண்டியில் ஓட்டுநர் தனியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவார். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் ஹைக்கா அந்த வீட்டு வாசலில் நின்று வந்தவர்களின் பையை வாங்கியிருக்கிறாள். அவர்கள் கொண்டுவரும் ஹிமோ ரொட்டியையும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள். ஊருக்கு வருகிறவர்கள் கடை ரொட்டி இல்லாமல் வரக்கூடாது. ஊரிலேயே நல்ல கேக் சுடுகிறவள் வீடானாலும் சரி.

எலினாமி மலையிலிருந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வெளியே கிளம்புவார்கள். கிளம்புவார்கள் என்றால், அவள் கிளம்புவாள், அவனை இழுத்துக்கொண்டு போவாள். பிளாஸ்கில் தேநீர், துணியில் சுற்றிய கேக், ஒரு பாய். அருவிக்கோ, ஹிமோ சந்தைக்கோ, சாலா ஏரிக்கோ போவார்கள். போனதும் அவன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிவிடுவான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு வாரம் மலையில் நடந்தவனுக்கு மரநிழலே போதும். ஏரிக்கரைக்கு ஒருமுறை நானும் கூடப் போனேன். அக்கரையில் தெரிவது கென்யா.

"ஏய்யா, அந்தப் பக்கம் போய் ஒரு காலை மட்டும் வெச்சுட்டு வந்துடட்டா?"

தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது. "பாஸ்போர்ட் கேப்பான்."

"காலுக்கா?"

அவன் வயிறு குலுங்கியது. சிரித்துவிட்டு மறுபடியும் தூங்கிப்போனான். அவள் பாயைச் சுற்றி நடந்தாள். கூழாங்கல் பொறுக்கினாள். புல்லை முடைந்து தட்டு செய்ய ஆரம்பித்து, பாதியில் அதையும் தூக்கிப்போட்டாள். அவளைப் பார்த்து எனக்கே கால் வலித்தது. நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஜாதி. இப்படி ஒருத்தியோடு எப்படிச் சிநேகமானேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும். ஆரஞ்சும் நீலமுமான கூடாரத் துணியில் தைத்தது. உள்ளே தனித்தனி அறை, வெளியே சின்னப் பை, கைப்பிடிக்கு மலைக்கயிறு. அவள் கைவேலையிலேயே நேர்த்தியானது அதுதான். மலையேற வந்த பெண் ஒருத்தி எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்று நின்றாள்.

"அது வித்துப்போச்சு" என்றாள் ஹைக்கா.

"யாருக்கு?" என்று பிறகு நான் கேட்டேன்.

"போறவளுக்கு."

போன ஈஸ்டரின்போது அவள் வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். எலினாமியின் மூத்த அண்ணன் ஃபானுவேல் டாரிலிருந்து வந்திருந்தான். "நீங்க எல்லாரும் இங்க வந்துட்டா உங்க வீடெல்லாம் சும்மாதானே பூட்டிக் கிடக்கு. இந்த டிசம்பர்ல சாவியைக் குடுங்க. நாங்க ரெண்டு பேரும் டாருக்குப் போறோம், நீங்க இங்க இருங்க." எல்லோரும் நல்ல வேடிக்கை என்று சிரித்தார்கள். எலினாமியும் சிரித்தான். "கடைசிப் பையன் டிசம்பர்ல எங்கடி போவான்? நாம இல்லாத வீட்டுக்கு இவங்க எப்படி வருவாங்க?"

மறுநாள் அவள் என் கடையில் நின்றுகொண்டு நூல்கண்டைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினாள். "இவருக்குப் புரியலக்கா. எனக்கு டாரைப் பார்க்கணும்னு ஒண்ணும் இல்ல. நான் எங்கயாவது வந்து இறங்கணும். பையோட. ஒருத்தர் ஓடிவந்து அதை வாங்கணும். மலையில முன்னப்பின்ன தெரியாதவனுக்கெல்லாம் வெந்நீர் வெச்சுக் காத்துக்கிட்டு இருக்காரு, தெரியுமா?"

"அவன்கிட்ட இதைச் சொன்னியா?"

"சொன்னேன். அது வேலைடிங்கறாரு."

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. ஆனால் எதைச் சொல்லி அவனைத் திட்டுவது என்று தெரியவில்லை. நல்ல மனுஷன், குடிப்பதில்லை, அவள் அடிக்கிற வர்ணத்தையெல்லாம் பொறுத்துக்கொள்கிறான்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். வீடு நிறைந்துவிட்டது. ஆடு கட்டியாகிவிட்டது. ஃபானுவேலின் மனைவி அனெத் ஷூ கயிற்று ஊஞ்சலில் காலை நீட்டிக்கொண்டு, "ஹைக்கா, இன்னொரு டீ" என்று சொல்வது சாலை வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஹைக்கா என் கடை வாசலில் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக் கவுன். கையில் மாவுச் சட்டி இல்லை. அந்தப் பை இருந்தது, அதுவும் உப்பலாக.

"எங்கடி?"

"ஹிமோ."

"இன்னைக்கா? ஊரே மேல வருது."

"கீழ போற வண்டி காலிக்கா. ஜன்னல் சீட்டு கிடைக்கும்."

போய்விட்டாள். முன்சீட்டில் நேராக உட்கார்ந்து, திரும்பியும் பார்க்காமல். ஹிமோவில் இறங்கினால் எந்த ஊருக்கும் பஸ் உண்டு. இருபது வருஷமாகத் தடுத்து வைத்த தண்ணீர் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். அவள் போகட்டும் என்று ஒரு மனசு. அடுத்த வண்டியைப் பிடித்து அவளை இழுத்துவா என்று ஒரு மனசு. இரண்டுக்கும் நடுவில், வழக்கம்போல, உட்கார்ந்தே இருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் எலினாமி வந்தான். இரண்டாவது அண்ணனை அழைத்துப்போக வந்தவன். "அக்கா, ஹைக்கா இங்க வந்தாளா? அடுப்புல கேக்கை வெச்சுட்டுக் காணோம். அனெத்துதான் இறக்கினா."

கேக்கை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. "ஹிமோவுக்குப் போனா" என்றேன்.

"என்னத்துக்கு?"

"தெரியாது. பையோட போனா."

"எந்தப் பை?"

அவன் தொப்பியைக் கழற்றினான். என் கடைப் படியில் உட்கார்ந்தான். எங்கே சாய்ந்தாலும் தூங்குகிற மனுஷன், கண்ணைக்கூட இமைக்காமல் சாலையைப் பார்த்தான். ஒரு வண்டி வந்தது, அவள் இல்லை. அடுத்ததில் அண்ணன் குடும்பம் வந்து இறங்கியது. அவர்களைப் பேருக்கு வரவேற்று, மேலே போகச் சொல்லிவிட்டு, மறுபடியும் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அவ அன்னைக்கு சொன்னா, அக்கா" என்றான். "நான் அதை ஒரு பேச்சாவே எடுத்துக்கல." நான் மெஷினில் துணியே இல்லாமல் ஒரு தையல் ஓட்டினேன்.

அப்புறம் ஒரு வண்டி, வாசற்படியிலெல்லாம் ஆள் தொங்க, மூச்சுத் திணறிக்கொண்டு வந்து நின்றது. கூரையிலிருந்து மூட்டைகள் விழுந்தன. உறவுக்காரர்கள் பாய்ந்து பாய்ந்து வாங்கினார்கள். டார் பெரிய மனுஷர்கள், தூங்கி வழியும் குழந்தைகள், கழுத்தில் கயிறோடு ஒரு சேவல். அவர்களுக்கு நடுவில் கவுன் கசங்கி, நெற்றியில் வேர்வையோடு ஹைக்கா இறங்கினாள். ஒரு கையில் பை. இன்னொரு கையில் ஹிமோ கடை ரொட்டி.

எல்லோரையும்போல இறங்கியவள், எல்லோரையும்போல இரண்டடி நடந்து, நின்றாள். யாரும் அவளிடம் ஓடிவரவில்லை. தெரிந்தவன் ஒருவன், "என்ன ஹைக்கா, உப்பு வாங்கப் போனியா?" என்று கேட்டுவிட்டுத் தன் மாமியாரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவள் பையைக் கீழே வைக்கவில்லை. இவ்வளவு தூரம் போய் வந்தவளுக்கு, இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளை அப்படி அசையாமல் நான் பார்த்ததே இல்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை.

எலினாமி எழுந்தான். என்ன சொல்லப் போகிறானோ என்று நானும் எழுந்துவிட்டேன். நேராக அவளிடம் போனான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. பையை அவள் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கினான்.

"வாங்க" என்றான். "வழியெல்லாம் எப்படி இருந்துச்சு?"

கட்டிய மனைவியை அவன் "வாங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நெரிசல்" என்றாள் சின்னக் குரலில். "ரொம்ப தூரம்."

"பாவம். மெதுவா வாங்க, மெதுவா."

மலைப் பையைத் தூக்குவதுபோல் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். அவள் ரொட்டியோடு பின்னால் போனாள். கடையைப் பூட்டாமலே நானும் போனேன். அன்றைக்கு என்னை உட்காரச் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முற்றத்தில் சிரிப்பும் புகையுமாக இருந்தது. எலினாமி அனெத்தை ஊஞ்சலிலிருந்து எழுப்பி, ஹைக்காவை அதில் உட்கார வைத்தான். அனெத் வாய் திறக்குமுன் அவன் அடுக்களைக்குள் போய்விட்டான். உள்ளே சோளம் வெடிக்கும் சத்தம் கேட்டது. பேசினில் வெந்நீரோடு வந்து, அவள் முன்னால் ஒரு முக்காலியில் வைத்தான். துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். அவள் ரொட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டான்.

ஹைக்கா கைகளை வெந்நீருக்குள் விட்டாள். விரல் இடுக்குகளில் காய்ந்திருந்த பச்சை வர்ணம் மெல்ல நீரில் கரைந்தது.

"ஹைக்கா" என்று அடுக்களையிலிருந்து அனெத் கூப்பிட்டாள். "பெரிய கரண்டியை எங்கதான் வெச்சிருக்கே?"

ஊஞ்சலில் அவள் முதுகு நிமிர்ந்தது. ஒரு கால் தரையைத் தொட்டுவிட்டது.

"அவங்க இப்பத்தான் வந்திருக்காங்க" என்று எலினாமி திரும்பாமலே குரல் கொடுத்தான். "நான் வர்றேன்."

ஹைக்கா தரையைத் தொட்ட காலால் ஊஞ்சலை ஒருமுறை உந்திவிட்டு, காலை மேலே எடுத்துக்கொண்டாள். கைகள் பேசினுக்குள்ளேயே இருந்தன.