ஏழாவது டயர்

சங்ககிரிச் சாலையோர டீக்கடையில் பேருந்து நின்றிருக்கிறது. என் கையில் போரை வெறுக்கும் ஒரு நாவல். அதில் வரும் சிப்பாய், கூட இருந்தவன் சாகும்போதெல்லாம் விதி என்று சொல்லி அமைதியாகிவிடுகிறான். காலையில் அந்த இடத்தை அடிக்கோடிட்டேன். போர் மூண்ட நாட்டில் வேலை பார்க்கும் என் மகன் நேற்றிலிருந்து போனை எடுக்கவில்லை. எனக்கும் ஏதோ ஒரு பிடிமானம் தேவைப்பட்டது.

எதிரே, பாரம் ஏற்றிய லாரியின் முன்சக்கரத்தடியில் டிரைவர் எலுமிச்சம்பழம் வைக்கிறார். கிளம்பிவிடுவார் என்று பார்த்தால், இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிச் சத்தம் கேட்கிறார்.

"பழம் வெச்சாச்சே, அப்புறம் எதுக்குங்க தட்டறீங்க?" என்கிறேன்.

"விதி இருக்குதுங்க. ஆனா காத்து எறங்கிக் கெடந்தா அது விதியில்லீங்க, நான் பாக்காம உட்டது."

ஏழாவது டயர் மந்தமாக ஒலிக்கிறது. அவர் ஜாக்கி எடுக்கப் போகிறார்.

நாவலை மூடிவிட்டு மறுபடி மகனை அழைக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. போன மாதம் அவன், "திரும்பி வந்துடட்டுமாப்பா?" என்று கேட்டான்.

"நடக்கறது நடக்கும், இருடா" என்று சொன்னது நான்தான்.