ஐதராபாத்துக்கும் நாக்பூருக்கும் நடுவே

1983 மார்ச் 14, திங்கள். வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து குளித்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இப்போது சேலம் பஸ் நிலையத்தில், பெங்களூர் பஸ்ஸின் அருகே நிற்கிறேன். கூட என் தங்கை பாவாயி. லாரி ஓட்டப் போன அவள் கணவர், ஐதராபாத்துக்கும் நாக்பூருக்கும் நடுவே அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். வழியில் கேள்விப்பட்டதாக நாமக்கல் டிரைவர் ஒருவர் நேற்று வந்து சொன்னார். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று அவருக்கும் தெரியவில்லை.

“பெங்களூர்ல பிளேன் ஏறினா நாளைக்கே நாக்பூர் போயிரலாம் அம்மிணி. பஸ்ஸுன்னா மூணு நாளாகும்,” என்கிறேன்.

“நாக்பூர்ல எறங்கி யாரைக் கேக்கறதுங்ண்ணா? அவரு நடுவால எந்த ஊர்ல படுத்திருக்காரோ. ரோட்டுல போனா எதுக்கால நம்மூரு லாரி வரும். ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டே போலாமுங்க.”

“அதுக்குள்ள அவருக்கு…” என்று தொடங்கி நிறுத்திக்கொள்கிறேன். அவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மறுநாள் விடியலில், பெங்களூரில் மாறி ஏறிய ஐதராபாத் பஸ் கர்நூலில் நிற்கிறது. முகம்கூடக் கழுவாமல் இறங்கி, சாலையோரம் தமிழில் பெயர் எழுதி நின்ற லாரி அருகே போகிறோம். டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறார். பாவாயி கதவைத் தட்டுகிறாள்.