இரவல் உடம்பு

நம்புங்கள் என்று யாரையும் கேட்கப் போவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில், கடிகாரம் காட்டிய நேரத்தோடு எழுதி வைக்கிறேன். அன்று நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கம் என்று சொல்லவும் வழியில்லை. எல்லாம் தொடங்கியபோது மாலை ஐந்து மணிகூட ஆகவில்லை. 2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஒஹையோ ஆற்றங்கரையில் கார்வர்ஸ் லேண்டிங் என்கிற சின்ன ஊரில் தனியாக இருக்கிறேன். பழைய பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குக் கார்டு செய்வது என் வேலை. நூறு வருஷத்துக்கு முன்னால் சிகரெட் பெட்டிக்குள் வைத்து விற்றார்களே, அந்த மாதிரிச் சின்ன வண்ண அட்டை. முன்புறம் ஆளின் படம், பெயர், ஊர். பின்புறம் அவர் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. பேர்பெற்றவர்களுக்கு அப்போதே கார்டு வந்துவிட்டது. சின்ன ஊர் அணிகளில் ஆடியவர்களுக்கு யாரும் போடவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேத்திகளும் என்னைத் தேடி வருகிறார்கள். நான் படத்துக்கு வண்ணம் தீட்டி, அச்சடித்து, தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, மூலைகளை விரலால் மழுக்கி, பழசாக்கிக் கொடுப்பேன்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை மார்வா ஸ்ட்ரிக்லர் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், அறுபது வயதிருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு அணிப் படத்தை மேசையில் வைத்தார். 1911. பின்வரிசையில், இரண்டு பேர் தோளுக்கு நடுவில் ஒரு முகம். விரல் நகம் அளவு.

"இதான் எங்க தாத்தா. ஓடிஸ் ஸ்ட்ரிக்லர். பந்து வீசுறவரு. அப்பாவுக்கு நாலு வயசா இருக்கும்போதே போயிட்டாரு."

"வேற படம் இல்லையா?"

"இருந்தா இங்க ஏன் வர்றேன்? அப்பாவுக்கு எண்பத்தெட்டு. நுரையீரல் போச்சு. மேட்டுமேல முதியோர் இல்லத்துல கிடக்காரு. அவங்கப்பா மூஞ்சி ஞாபகமே இல்லையாம். சாகுறதுக்குள்ள ஒரு தடவை முழு ஆளா பாக்கணும்ங்குறாரு. கேக்குறது அது ஒண்ணுதான்."

"ரெண்டு வாரம் ஆகும்."

"அவருகிட்ட ரெண்டு வாரம் இல்ல சார். செவ்வாக்கிழமை வருவேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நானே கத்தரிச்சு ஒட்டிக்கிறேன்."

முடியும் என்றேன்.

ஆனால் என்னிடம் இருந்தது ஒரு தலை மட்டும்தான். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. எல்லோரும் செய்வதுதான், பழைய கார்டு கம்பெனிகளே செய்திருக்கின்றன. வேறு ஒரு ஆட்டக்காரரின் முழுப் படத்தை எடுத்து, அவர் தலையை வெட்டிவிட்டு, நமக்கு வேண்டிய தலையை அந்தக் கழுத்தில் பொருத்துவது. வெளிச்சம் இரண்டிலும் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும். கழுத்துப் பட்டையில் ஒட்டு தெரியாமல் தீட்ட வேண்டும். நாற்பது ஐம்பது முறை செய்திருப்பேன். அந்த உடம்புகள் யாருடையவை என்று ஒரு முறையும் யோசித்ததில்லை.

வெண்டல் என்று எனக்கு முப்பது வருஷ நண்பன். பிலிமுக்குப் பதில் அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை, இறந்தவர்கள் வீட்டு ஏலங்களில் வாங்கிச் சேர்ப்பவன். அவன் கொடுத்ததில் ஒரு தகடு சரியாக அமைந்தது. மட்டையைத் தோளில் சாய்த்து நிற்கும் ஒருவன். நல்ல உயரம். வெளிச்சம் இடப்பக்கம். சிரிக்கிற முகம். அந்த முகம் எனக்குத் தேவைப்படவில்லை.

போனில் கேட்டேன். "யாருடா இது?"

"பேரு தெரிஞ்சிருந்தா உனக்கா குடுத்திருப்பேன்? நல்ல விலைக்குத் தள்ளியிருப்பேன். எவனோ உள்ளூர்க்காரன். வெட்டு, ஒட்டு, போ."

வெட்டினேன். ஒட்டினேன்.

திங்கட்கிழமை கணினியில் முதல் தவறைப் பார்த்தேன். கழுத்தில் ஒட்டு தெரிந்தது. மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. சரிசெய்து சேமித்தேன். காப்பி போட்டுக்கொண்டு வந்து திறந்தால் மறுபடியும் அதே கோடு. மூன்று முறை சரிசெய்தேன். மூன்று முறையும் திரும்ப வந்தது. கடைசியில் அதன்மேல் ஒரு நிழலைத் தீட்டி மறைத்தேன்.

செவ்வாய் மதியம் அச்சடித்தபோது இரண்டாவது தவறு. படத்தில் இடது நெற்றிப்பொட்டில் ஒரு கறை. நீலமும் பழுப்புமாக, மிளகு அளவுக்கு. நான் வைக்காத கறை. பழசாகத் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

3:20க்கு மார்வா வந்தார். கார்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தாத்தா பந்து வீசுறவருதானே. கையில எதுக்கு மட்டை?"

"அந்தக் காலத்துல எல்லாரும் ரெண்டும் செஞ்சாங்க."

"இது முழுசும் அவருதானா?"

எனக்கு ஒரு கணம் இருந்தது. அந்த ஒரு கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"அவரேதான்" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஒவ்வொரு கார்டிலும் எனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொள்வது வழக்கம். 4:35க்கு நிலவறையில் இருக்கும் என் மேசைக்கு இறங்கிப் போய் இன்னொன்று அச்சடித்தேன். கறை பெரிதாகியிருந்தது. மிளகு அளவில்லை. கட்டைவிரல் அளவு.

அச்சு இயந்திரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். 4:41. கறை காதுவரை வந்திருந்தது. அதைவிட, மட்டை... தோளில் சாய்ந்திருந்த மட்டை, தோளைவிட்டு எழும்பியிருந்தது.

கணினியில் பார்த்தேன். அங்கே மட்டை தோளில்தான் இருந்தது.

நான் அதிகம் பேசாதவன். தனிமையும் மௌனமும் எனக்குப் பழகியவை. என் வீட்டின் மௌனத்தில் எது குழாய்ச் சத்தம், எது மரம் சுருங்கும் சத்தம் என்று எனக்குத் தெரியும். 4:48க்குக் கேட்டது இரண்டும் இல்லை.

டொக்.

மேலே, என் சமையலறையில். கெட்டியான ஒன்று எலும்பில் படுகிற மாதிரி ஒரு சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை. மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். 4:55க்கு மறுபடியும். டொக். இம்முறை படிக்கட்டின் உச்சியில்.

ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளி. அதோடு விளையாட்டுக்காரர்கள் காலில் தேய்க்கிற வலித்தைலம்.

என் மேசையிலிருந்து படிக்கட்டு முழுதாகத் தெரியாது. மேல்தளம் குறுக்கே மறைக்கும். யாராவது இறங்கினால் முதலில் பாதம் தெரியும். பிறகு முழங்கால். பிறகு இடுப்பு. முகம் கடைசியில்தான்.

கடக்.

மரப்படியில் இரும்பு ஆணி பதியும் சத்தம். பழைய காலணி ஒன்று தெரிந்தது. அடியில் ஆணி வைத்த காலணி. அதற்கு மேலே கம்பளிக் காலுறை.

"யாரது?" என்றேன்.

கடக். முழங்கால்.

கடக். இடுப்பு. இடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும் மட்டையின் நுனி.

கடக்... மார்பு. சட்டை மார்பில், ஓடிஸின் அணிக்காக நான் தீட்டிய ஊர் எழுத்து இல்லை. வேறு ஊரின் எழுத்து.

இன்னும் ஒரு படி இறங்கினால் கழுத்து தெரியும்.

அது நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கத் துணிவில்லை. எதிரே அந்த மார்பு மூச்சுவிடவில்லை. ஆனால் அது என்னை வெறுக்கிறது என்று தெரிந்தது. ஒரு அறையில் உங்களை வெறுக்கிற ஆள் இருந்தால் முகத்தைப் பார்க்காமலே தெரியுமே, அப்படி.

கால் முன்னால் நகர்ந்தது.

கத்தரிக்கோலை எடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அச்சடித்த இரண்டு கார்டுகளையும் கழுத்தோடு வெட்டினேன். தலை வேறு, உடம்பு வேறு.

நிமிர்ந்தேன்.

படியில் யாரும் இல்லை. வாடை மட்டும்.

5:09.

அப்போதுதான் உறைத்தது. இன்னொன்று மார்வாவிடம் இருக்கிறது.

ஏழாவது மணியில் போனை எடுத்தார்.

"அந்தக் கார்டை அப்பாகிட்டயிருந்து வாங்கிடுங்க."

"என்னது?"

"அதுல ஒரு தப்பு நடந்துடுச்சு. வேற செஞ்சு தர்றேன். இப்ப வாங்கிடுங்க. வாங்கிக் கழுத்துல வெட்டிடுங்க."

"குடிச்சிருக்கீங்களா சார்? அவரு ஒண்ணரை மணி நேரமா அதை நெஞ்சுமேல வச்சுக்கிட்டிருக்காரு. வெட்டணுமாம். போனை வைங்க."

வைத்துவிட்டார்.

பனியில் வண்டியை எடுத்தேன். பதினோரு நிமிஷ வழி, இருபத்தாறு நிமிஷம் ஆனது. 5:38க்கு முதியோர் இல்லத்தின் நடைவழியில் இருந்தேன். மார்வாவின் அப்பா டெல்மர் ஸ்ட்ரிக்லரின் அறை கடைசியில். அறை வாசலில் வலித்தைல வாடை.

மார்வா எழுந்து வழிமறித்தார். "உள்ள வந்தீங்கன்னா ஆளைக் கூப்பிடுவேன்."

அவருக்குப் பின்னால் கட்டிலில் கிழவர். எலும்பும் தோலும். கார்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவருடைய இடது நெற்றிப்பொட்டில் ஒரு கறை. நீலமும் பழுப்புமாக.

"அது என்ன அடி?" என்றேன்.

"தெரியல. நர்ஸம்மாவும் கேட்டாங்க. கட்டிலைவிட்டு இறங்கவே இல்ல அவரு."

கிழவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்கு மேலே, வாசல் நிலையைப் பார்த்தார். சிரித்தார்.

"மார்வா, நகரும்மா. வழி விடு. எங்கப்பா வாசல்லயே நிக்கிறாரு. எவ்ளோ உசரம் பாரு. நிலை இடிக்குது. மூஞ்சிதான் தெரியல... குனிஞ்சு வாங்கப்பா."

எனக்குப் பின்னால் வாசலில் யாரும் இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

டொக்.

கிழவரின் தலை தலையணையில் ஒரு முறை துள்ளியது. கறை காதுவரை பரவியது. என் கண்ணெதிரே. மார்வாவும் பார்த்தார்.

"இன்னொரு எட்டு வைங்கப்பா" என்றார் கிழவர்.

மார்வாவைத் தள்ளினேன். கார்டைப் பிடுங்கினேன். அந்த விரல்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கழுத்தோடு கிழித்தேன்.

வாடை போனது.

கிழவர் கையில் ஒன்றுமில்லாததைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போயிட்டாரு" என்றார். "வந்தவரைத் துரத்திட்டியேடா பாவி."

5:44.

மார்வா என் கன்னத்தில் அறைந்தார். நான் நின்றேன்.

கிழவர் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இறந்தார். மூன்று நாளும் யாருடனும் பேசவில்லையாம். நெற்றிக் கறை மட்டும் மறைந்துவிட்டதாக நர்ஸ் சொன்னார். அடக்கத்துக்கு நான் வரக்கூடாது என்று மார்வா சொல்லி அனுப்பினார். இன்றும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மனிதனின் கடைசி ஆசையை அவன் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தவன் நான். செய்தது சரியா என்று எனக்கே பல நாள் தெரியவில்லை.

மார்ச் மாதம் வெண்டல் போன் செய்தான். வழக்கமான கேலி இல்லை.

"ரஸ், அந்தத் தகட்டுல இருந்த ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சுடா. பக்கத்து ஊர் நூலகத்துல பழைய பேப்பர் பாத்துக்கிட்டிருந்தேன். அதே படம் போட்டிருக்கான்."

"படி."

"நீயே வந்து படிச்சுக்க. என்னால முடியாது."

போனேன். 1911 ஆகஸ்ட் மாதத்துத் தாள். அதே உடம்பு, தோளில் சாய்ந்த மட்டை, நான் வெட்டி எறிந்த சிரித்த முகம். லெம் கார்னி, வயது இருபத்திரண்டு. ஆட்டத்தின்போது இடது நெற்றிப்பொட்டில் பந்து பட்டு மண்டை உடைந்தது. பந்தை வீசியவர் ஓடிஸ் ஸ்ட்ரிக்லர்.

அதோடு விட்டிருந்தால் நான் தூங்கியிருப்பேன். கீழே இன்னும் மூன்று வரி இருந்தது.

கார்னி உடனே சாகவில்லை. பதினொரு நாள் படுக்கையில் கிடந்தார். ஒவ்வொரு நாளும் ஒன்றை மட்டும்தான் கேட்டார்: ஸ்ட்ரிக்லரைக் கூட்டி வாருங்கள், அவன் முகத்தை ஒரு தடவை கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஆள் அனுப்பியும் ஸ்ட்ரிக்லர் கடைசிவரை போகவில்லை.

நூற்றெட்டு வருஷம் கழித்து அந்த முகத்தைக் கொண்டுபோய் கார்னியின் கழுத்தில் வைத்தது நான்.