நாகேந்திரம் கட்டிய திறை

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாகேந்திரம் பதினொரு அறை கொண்ட லொட்ஜ் ஒன்றை நடத்தினார். தொண்ணூற்றேழாம் ஆண்டு நானும் அங்கே ஏழாம் அறையில் இருந்தேன். அவரைப் பற்றி எழுதுவதென்றால் நல்லதைத்தான் முதலில் எழுத வேண்டும், ஏனென்றால் அந்த மனிதர் பொய் எழுதி எங்களைக் காப்பாற்றினார்.

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்கும் தமிழர் ஒவ்வொருவரும் பொலிஸில் பதிய வேண்டும். பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், கடைசியில் கொழும்பில் நிற்பதற்கான காரணம். லொட்ஜில் உள்ள எல்லாருக்கும் மாதாமாதம் நாகேந்திரமே சிங்களத்தில் படிவம் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பார். காரணம் எழுதுவதில் விண்ணன். வெளிநாடு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரனை நம்பிச் சும்மா கிடந்த எனக்குப் படிவத்தில் கலியாணம் பேசி வைத்தார். எட்டாம் அறைக்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன் வைத்தார். ஒரே மாதத்தில் இரண்டு பேருக்குக் கண் நோக விடமாட்டார், அவ்வளவு கவனம். பக்கத்து லொட்ஜுகளில் ஆட்களை அள்ளிக்கொண்டு போன நாட்களிலும் எங்களை யாரும் தொடவில்லை. பொலிஸ் பெரியவருக்கு முன்னால் "மாத்தயா, மாத்தயா" என்று ஐயா போட்டுக் குழைவார். திரும்பி வந்து எங்கள்மேல் எரிந்து விழுவார்.

நான்காம் அறையில் சிவபாதசுந்தரம் இருந்தார். வன்னியில், முள்ளியவளையில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற தனிக்கட்டை. சலரோகம் என்ற சர்க்கரை வியாதிக்கு மருந்தெடுக்கவென்று, அங்கிருந்து வெளியேறப் புலிகளிடம் பாஸ் எடுத்து வந்தவர், வந்த இடத்தில் மருந்தை மறந்துவிட்டார். காலையில் பஸ் ஏறிச் சுவடிக்கூடத்துக்குப் போவார், பின்னேரம் ஒரு கட்டுக் குறிப்போடு வருவார். பழைய வன்னிச் சிற்றரசர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வேண்டும், அதுதான் அவருடைய பைத்தியம். யாழ்ப்பாணத்து அரசன் பலமாக இருந்தால் யானையைத் திறையாக அனுப்புவார்களாம், அவன் தளர்ந்தால் அனுப்ப மறந்துவிடுவார்களாம். அரசனுக்கு அவர்கள் இல்லாமலும் ஆகாது, அவர்களை நம்பவும் முடியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே இதையெல்லாம் சொல்லுவார். நான் தலையை ஆட்டிக்கொண்டு சொதி வரும்வரை காத்திருப்பேன்.

சுவடிக்கூடம் பூட்டிக் கிடந்த ஒரு நாள் மத்தியானம் நாகேந்திரம் பொலிஸுக்குப் போய்விட்டு வந்து, மேசையில் இருந்த எங்களைச் சத்தம் போட்டு ஏசினார். வாசலில் நின்று கதைக்கக்கூடாதாம், ரேடியோவைக் குறைக்கட்டாம். ஏசி முடித்துச் சாப்பிட இருந்தார். சிவபாதசுந்தரம் சிரித்தார்.

"நாகேந்திரம், நீங்களும் ஒரு வன்னிச் சிற்றரசர்தான். மேல போய்க் கும்பிடுறது, கீழ வந்து அதட்டுறது. அவை யானையைக் குடுத்தவை. நீங்கள் எங்கட பேருகளைக் குடுக்கிறியள்."

மேசை கொல்லென்று சிரித்தது. நானும் புரைக்கேறும்வரை சிரித்தேன். நாகேந்திரத்தின் மனைவி அன்னபாக்கியம் மட்டும் அகப்பையோடு அப்படியே நின்றார். நாகேந்திரம் சாப்பிட்ட கோப்பையிலேயே கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார்.

அடுத்த கிழமை அந்த மாதத்துப் படிவங்கள் போயின. மூன்றாம் நாள் விடியற்காலை பொலிஸ் ஜீப் வந்தது. நேரே நான்காம் அறைக்குப் போனார்கள். குறிப்புக் கட்டுக்குள் குளங்களும் காட்டுப் பாதைகளும் குறித்த வன்னிப் படம் ஒன்று கிடந்தது. அது நானூறு வருடத்துக்கு முந்தைய வன்னி என்று சிவபாதசுந்தரம் தமிழில் சொல்லிப் பார்த்தார், இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார். சிங்களம் அவருக்கு வராது. சிங்களம் தண்ணீர்பட்ட பாடாக இருந்த நாகேந்திரம் வாசலில் வாய் திறக்காமல் நின்றார். நான் மட்டும் என்ன திறம்? அவரை ஜீப்பில் ஏற்றும்வரை கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பின்னேரம் நாகேந்திரம் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்டவாளத்தைத் தாண்டிக் கல்லில் இருந்தோம்.

"தம்பி, இந்த முறை நான் அவருக்குச் சலரோகம் எண்டு எழுதேல்லை. வன்னியைப் பற்றி ஆராய்ச்சி எண்டு எழுதினனான்."

"ஏன் அண்ணை?"

"உண்மைதானே, உண்மையை எழுதினா எனக்கென்ன பாவம் எண்டு நினைச்சன்." செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினார். "இல்லைத் தம்பி. கோவத்தில எழுதினனான். கூப்பிட்டு ரெண்டு வெருட்டு வெருட்டி விடுவாங்கள், வாய் அடங்கும் எண்டு நினைச்சன்."

அவரை ஏச எனக்கு நா எழவில்லை. என் கலியாணம் அந்த மாதப் படிவத்திலும் பத்திரமாக இருந்தது.

பதினான்கு மாதம் சிவபாதசுந்தரத்தை உள்ளே வைத்திருந்தார்கள். நாகேந்திரம் ஒரு லோயரைப் பிடித்து, அவருடைய கந்தோருக்கு நடந்தே செருப்பைத் தேய்த்தார். சிறைக்குப் போய்ப் பார்க்க மட்டும் அவருக்கு முகமில்லை. அன்னபாக்கியம்தான் சவர்க்காரமும் பால்மாவும் கொண்டுபோய்க் கொடுத்தார். நான்காம் அறையை வேறு யாருக்கும் விடவில்லை. ஒரு லொட்ஜ்காரர் இவ்வளவு செய்வாரா, தங்கமான மனிதர் என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் அவர் என்னைப் பார்ப்பார். நான் குனிந்துகொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவபாதசுந்தரம் விடுதலையாகி வந்து இறங்கினார். பாதி ஆளாக இருந்தார். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. வந்த அன்றே பதிய வேண்டும் என்பது சட்டம். நாகேந்திரம் படிவத்தை எடுத்துக்கொண்டு மேசையில் அவருக்கு எதிரே இருந்தார். பெயர் எழுதினார், ஊர் எழுதினார். காரணத்துக்கு வந்ததும் பேனை நின்றது.

"சலரோகம் எண்டு போடுறன்."

"போடுங்கோ. இனி என்னால எழுதவும் ஏலாது." சிவபாதசுந்தரம் தன் விரல்களைப் பார்த்தார். "ஆனா நாகேந்திரம், அங்க தமிழ் தெரிஞ்ச ஒருத்தனை வைச்சு உங்கட படிவத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினவங்கள். ஆராய்ச்சி எண்டு எழுதியிருந்தியள். என்ர ஊரிலயே என்னை விசரன் எண்டுதான் சொல்லுறவை. நீங்கள் ஒராள்தான் என்னை மதிச்சு எழுதினது. அப்பிடிப்பட்ட உங்களை இதே மேசையில வைச்சுப் பழிச்சுப்போட்டன். கனநாளாய் மனதுக்க கிடக்கு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அன்னபாக்கியம் குசினி வாசலுக்கு வந்து கணவரைப் பார்த்தார். அன்னபாக்கியத்துக்கும் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாகேந்திரம் உண்மையைச் சொல்லிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் குனிந்து, காரணத்துக்கு நேரே சலரோகம் என்று எழுதி முடித்தார்.

"சீச்சீ, அதை நான் அண்டைக்கே மறந்திட்டன்" என்று சொல்லி, அவரை மன்னித்தார்.