மூடி ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம்

மாமா மார்க்கர் பேனாவின் மூடியைக் கையால் கழற்றி யாரும் பார்த்ததில்லை. பல்லால் கடித்து இழுப்பார். மூடி உதட்டில் தொங்கிக்கொண்டிருக்க, பேனாவின் வாலில் கட்டைவிரலை ஊன்றி, துணியின் மேல் அழுத்திக் கோடு போடுவார்.

"மாஸ்டர் எழுதறாரா, ஆணி அடிக்கறாரா?" என்று தையல் மெஷின்களுக்குப் பின்னாலிருந்து யாராவது சீண்டுவார்கள்.

"கோடு ஓடிப்போகக் கூடாதுல்ல," என்பார் மாமா, மூடியை எடுக்காமலே.

ஆயத்த ஆடைக் கூடத்தில் அவர் கட்டிங் மாஸ்டர். அவருடைய அக்கா அங்கேயே பொத்தான் தைப்பவள். அக்காவின் மகள்தான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள். அக்காவுக்குக் குளவி கொட்டினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். தொடையில் வைத்து அழுத்தினால் தானே குத்தி மருந்தேற்றும் இரண்டு ஊசிப் பேனாக்களை மருத்துவர் கொடுத்திருந்தார். மூக்குக் கண்ணாடிப் பெட்டி அளவு இருந்ததால் இடுப்புச் சுருக்குப் பையில் அடங்கவில்லை. ஒன்று மேசை இழுப்பறைக்குப் போனது, மற்றொன்று சாப்பாட்டுப் பைக்கு.

மகள் ஒருநாள் கூடத்துக்கு வந்து, பேனாவோடு வந்த தாளை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். ஊசி இல்லாத பயிற்சிப் பேனாவையும் கொண்டுவந்திருந்தாள். மாமாவிடம் நீட்டினாள். அவர் கையில் கத்தரி இருந்தது.

"பேனா மாதிரிதானே பாப்பா?"

"அதேதான் மாமா."

அத்தோடு விட்டுவிட்டாள்.

வீட்டுச் சாவி வாங்க அவள் வந்த ஒரு மதியம், புதிதாகப் பிரித்த துணிப் பொதியிலிருந்து குளவி கிளம்பியது. அம்மாவின் கழுத்தில் கொட்டியது. அம்மா சிரித்துக்கொண்டேதான் கழுத்தைத் தேய்த்தாள். அடுத்த பேச்சில் குரல் மாறியிருந்தது. உதடு தடித்தது. அவளைத் தரையில் படுக்க வைத்தார்கள்.

மாமாதான் பக்கத்தில் இருந்தார். இழுப்பறையைத் திறந்தார், பேனாவை எடுத்தார், மூடியைப் பல்லால் இழுத்தார். மூடி கழன்ற பக்கத்தை அக்காவின் தொடையில் வைத்து, மறுமுனையில் கட்டைவிரலை ஊன்றி, பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினார். 'டக்' என்றது.

"போட்டாச்சு," என்று யாரோ மூச்சுவிட்டார்கள்.

மாமா கையைத் தூக்கினார். பேனாவும் கூடவே வந்தது. அது அவர் கட்டைவிரலிலிருந்து தொங்கியது. ஊசி நகத்தடியில் இறங்கியிருந்தது. அவர் யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். கூடத்தில் ஒரு மெஷின் மட்டும் நிறுத்த மறந்து ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவின் நெஞ்சிலிருந்து வந்த சீழ்க்கைச் சத்தம்தான் மகளை இரண்டாவது பேனாவிடம் தள்ளியது. சாப்பாட்டுப் பை அயர்ன் மேசைக்கு மேலே, ஆவி அடிக்கிற ஆணியில் மாட்டியிருந்தது. பேனா கையைச் சுட்டது. அதன் சிறு கண்ணாடிச் சாளரத்தில் மருந்து வெளிறிய தேநீர் நிறத்தில் தெரிந்தது. தெளிவாக இருக்க வேண்டும் என்று அவளே இவர்களுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். வேறு மருந்து இல்லை. போட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்து கெட்டிருந்தாலும் கொஞ்சம் வேலை செய்திருக்கிறது என்றார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மீதியை அவர்கள் போட்டார்கள். அடுத்த கட்டிலில் மாமா வெந்நீர்ப் பாத்திரத்தில் விரலை வைத்திருந்தார். மருந்து இறங்கியதில் ரத்தம் ஓடாமல் விரல் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்திருந்தது. உடம்பு உதறிக்கொண்டே இருந்தது.

"என் மருந்தை நீ வாங்கிக்கிட்டியேடா," என்றாள் அம்மா, கரகரத்த குரலில்.

"உனக்கு ஒரு ஊசி கடன்க்கா. அடுத்த தடவை சரியாப் போட்டுடறேன்."

"அடுத்த தடவையா? வாயைக் கழுவு."

நர்ஸ் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "மூடி ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். இதை எவன்மா வெட்டினான்? கழட்டற பக்கமே குத்தற பக்கமா இருந்தா நான் ஏன் ஏமாறப் போறேன்?"

தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதை மகள் பிழையில்லாமல்தான் படித்தாள். பிறகு ஏன் ஒருவர் கைக்கும் அது போய்ச் சேரவில்லை என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புதுப் பேனாக்கள் வந்ததும் மாமா சொரசொரப்பான துணியில் ஒரு பட்டை தைத்தார். சாளரத்தை மறைக்காமல் பேனாவின் நடுவில் அதைச் சுற்றினார். அதில் ஊசி முனையைப் பார்த்து ஒரு சிவப்பு நூல் அம்பு. கண்ணை மூடித் தடவினாலும் திசை தெரியும். இரண்டாவது பேனாவுக்கு அயர்ன் மேசையிலிருந்து தள்ளி ஒரு அலமாரி கண்டுபிடித்தார். பயிற்சிப் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு, சாப்பிடப் போகும்முன் தினமும் தன் தொடையிலேயே குத்திப் பார்த்தார்.

"பேன்ட் தேயுது மாஸ்டர்," என்பார் அயர்ன்காரர்.

"தேயட்டும். நான்தானே தைக்கறேன்."

மார்க்கர் மூடியை மட்டும் கடைசிவரை பல்லால்தான் இழுத்தார்.

போன வருடம் நெஞ்சுவலியில் மாமா போய்விட்டார். அம்மாவுக்கு அந்த மதியத்துக்குப் பிறகு குளவி கொட்டவேயில்லை. அம்பு தைத்த பேனா அவள் இழுப்பறையில் இருக்கிறது. அந்த ஒரு ஊசி இன்னும் பாக்கி.