பதினோரு நாள் மறைத்த தோள்

பிரியமானவர்களே, ஜூன் மாதம் முதல் ஞாயிறு இதே சபையில் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டி, ஆண்டவர் சுகம் தந்தார் என்று சாட்சி சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை, தோளில் ஆறிய அறுவைசிகிச்சைத் தழும்பின் கீழ்முனையில் கடுகளவு ஈரம் தெரிந்தது.

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி மாடிப்படியில் விழுந்து என் தோள்மூட்டு நொறுங்கியதும், அதை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்ததும் உங்களுக்குத் தெரியும். கசிவோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே வரவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். ஆனாலும் போகவில்லை. சாட்சி சொல்லி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. இப்போது சீழ் என்று சொன்னால் ஆண்டவர் பெயருக்கு அவமானம் என்று நினைத்தேன். நான் காப்பாற்றியது என் பெயரைத்தான்.

கம்பெனியில் வெட்டும்போது மிஞ்சும் பனியன் துணியை மடித்துத் தோளில் வைத்து ஒட்டினேன். முதலில் நாளுக்கு இரண்டு துண்டு, பிறகு ஐந்து. மகளின் பிரசவத்துக்காக உடுமலைப்பேட்டையில் இருந்த என் மனைவி போனில் கேட்டாள்: "தோளு எப்படி இருக்கு? ஒழுங்காச் சொல்லுங்க."

"நல்லா இருக்கு. நீ பிள்ளையப் பாரு."

நாட்குறிப்பில் உடல்சூடு, மாத்திரை, மழை எதையும் விடாமல் எழுதுகிறவன், அந்தப் பதினோரு நாளும் 'சுகம்' என்று மட்டும் எழுதினேன்.

பிறகு வாடை வந்தது. யாராவது அருகில் வந்தால் ஓரடி விலகுவேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் அந்த வாடைதான் முதலில் வந்து நிற்கும். உள்ளே இருக்கும் உலோகம் அழுகாது, அதைச் சுற்றி நான்தான் அழுகிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும். பதினோராம் நாள் காலை ஒன்பது மணிக்கு, காய்ச்சல் குளிரில் நடுங்கியபடி ஜெபித்தேன்: "ஆண்டவரே, எனக்குச் சொல்ல வாயில்லை. நீரே யாரையாவது அனுப்பும்."

அன்று பத்தரை மணி. செக்கிங் பிரிவில் துணியில் கறை பார்க்கும் சரஸ்வதி, சேவூர்க்காரர், என்னை நிறுத்தினார்.

"ஏனுங்க சார், லைட்டுப் பக்கம் திரும்புங்க. சட்டையில கறைங்க."

"டீ சிந்திருச்சும்மா."

"இருவது வருசமாக் கறைதானுங்க பாக்கறேன். டீ மேல பட்டா மேலதான் நிக்கும். இது உள்ளிருந்து ஊறி வருதுங்க." பிறகு மூக்கைச் சுளித்தார். "பீஸா இருந்தா ரிஜெக்ட்டுல போட்டிருவேன். உங்கள எங்கீங்க போடறது? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!"

அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்.

கிருமி மூட்டில் படிந்து இரத்தத்திலும் கலந்துவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் கழுவிப் பார்த்திருக்கலாம், இனி மூட்டை எடுத்தாக வேண்டும், உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். உலோகத்தை எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமெண்ட் கட்டியைத் தற்காலிகமாக வைத்தார்கள். ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏறியது. உடுமலையிலிருந்து ஓடி வந்த மனைவி கட்டிலருகே நின்று கேட்டாள்: "சபைக்காரங்களுக்குப் பயந்து செத்துப்போவீங்களோ? அதுக்கும் நான்தான் வந்து சாட்சி சொல்லணுமா?" அதன் பிறகுதான் அழுதாள்.

காய்ச்சல் இறங்கியது. மருந்தை நிறுத்திப் பார்த்தும் கிருமி இல்லை என்று உறுதியானதும் புது மூட்டு வைத்தார்கள். உயிரோடு நிற்கிறேன், ஸ்தோத்திரம். ஆனால் கை இப்போது நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. எழும்பாது என்கிறார்கள். இன்றும் காலையில் கண் விழித்ததும் முதலில் தோளை முகர்ந்து பார்க்கிறேன். வாடை இல்லை. இருந்தும் ஒரு நிமிடம் இருப்பதுபோலவே இருக்கிறது.

என் ஜெபத்துக்கு ஆண்டவர் ஒன்றரை மணி நேரத்தில் பதில் தந்தார். பத்து நாள் அந்த உதவியைக் கேட்காமல் இருந்தவன் நான்.

இங்கே யாராவது கட்டியையோ, இரத்தத்தையோ, வலியையோ மறைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கலாம். ஆண்டவரை நம்பி வெளியே சொல்லுங்கள். ஆராதனை முடிந்ததும் பின்வாசலருகே நிற்பேன். சொல்ல வாய் வராதவர்கள் இடத்தைக் காட்டினால் போதும். மருத்துவமனைக்கு நானும் கூட வருகிறேன்.