ஏழாம் எண் சீல்

1991இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தோல் ஆடைத் தொழிற்சாலையில் நான் மேலாளர். இரண்டாம் உலகப் போர் விமானிகள் அணிந்த ஜாக்கெட்டைப் போலவே தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினோம். தோலின் தரம் பார்த்தவர் ஒல்லியான மனிதர். பேசும்போதும் அவர் விரல்கள் எதையாவது கிள்ளித் தடிமன் பார்த்துக்கொண்டே இருக்கும். தேறிய தோலின் உட்புறம் தன் ஏழாம் எண் சீலைக் குத்துவார்.

வெளிநாட்டார் கேட்டிருந்தது வெள்ளாட்டுத் தோல். நான் மலிவாகக் கிடைத்த செம்மறித் தோலை வாங்கிவிட்டேன்.

“தடிமன் கேஜ்ல ரெண்டும் ஒரு மில்லிதான் காட்டுது சார். ஆனா இது செம்மறி. தையல்ல இழுத்தா வுட்டுடும்.”

“யோவ், கேஜைவிட உன் விரல் பெருசா? சீல் குத்து.”

“அது என் நம்பரு சார். குத்த மாட்டேன்.”

அவர் சாப்பிடப் போனபோது சீலை எடுத்து நானே குத்தினேன். ஜாக்கெட்டுகள் தோள்பட்டையில் கிழிந்து திரும்பி வந்தன. உள்ளே ஏழாம் எண்ணைப் பார்த்து முதலாளி அவரைக் கேட்டபோது, “நான் குத்தல சார்” என்று சொல்லி அவர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

போகும்போது சீலை என் மேசைமேல் வைத்தார். விரல்கள் மேசை விரிப்பின் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தன.

“வெச்சிக்கோங்க சார். அடுத்த லாட்டுக்கு ஆவும்.”

குரலில் கோபமே இல்லை. அது ஏன் என்று இந்த வயதிலும் எனக்குப் புரியவில்லை.

அடுத்த லாட்டுக்கும் நான் அதைத்தான் குத்தினேன்.